சூட்டுமேடைக்குப் போன நாற்று

ஹோவ் கைலியானுக்கு இருப்புக்கொள்ளாது. ஷாங்வான் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, அடையாளமாகச் சொல்வார்கள். "எந்தக் கைலியான்?" என்று வெளியூர்க்காரன் கேட்டால், "அதோ, உட்காரத் தெரியாதவ" என்று கை காட்டிவிடுவார்கள்.

பிறந்தபோதே அப்படித்தான் என்கிறார்கள். அப்பா நாலாவதாவது பையனாகப் பிறக்கட்டும் என்று, மூன்றாவது பெண்ணான அவளுக்கு 'மாற்று' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அடுத்ததும் பெண்தான். பெயர் வீணாகப் போகவில்லை, இவள் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தாள். விதைத்த உருளைக்கிழங்கைத் தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி புதைப்பாள். அடைகாக்கும் கோழியைத் தூக்கிவிட்டு முட்டையைக் காதில் வைத்துப் பார்ப்பாள். கல்யாணத்தன்று பனி கொட்டியது, மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தானே கிளம்பி விட்டாள். பாதி மலையில் எதிரே வந்த மாப்பிள்ளை துன்ஷெங், "யாரோ பொண்ணு வீட்டுக்காரங்க போல" என்று வழிவிட்டு நின்றான். முப்பது வருஷம் ஆகிறது, அந்தக் கதைக்கு இன்றும் சாராயச் சபையில் கிராக்கி குறையவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பயிர் டாங்குய். மின்சியான் மலைகளில் வேறு எதை நட்டால் என்ன கிடைக்கும்? பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்கறியோடு வேக வைக்கவும், ரத்தம் குறைந்தவளுக்குக் கஷாயம் வைக்கவும் நாடு முழுக்க இந்த வேரைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு கோடையில் விதைத்து, நாற்றைப் பனிக்கு முன் பிடுங்கி, குளிர்காலம் முழுக்க நிலவறையில் உலர்ந்த மண்ணில் அடுக்கி வைத்து, வசந்தத்தில் நட்டு, அடுத்த பனி விழுந்த பிறகு தோண்ட வேண்டும். நடுவில் அது ஓடிவிடக் கூடாது. ஓடிவிடுவது என்றால், ஆனி வாக்கில் சில செடிகளுக்கு அவசரம் வந்து, செம்பழுப்பாக ஒரு தண்டை நீட்டிப் பூத்துவிடும். பூத்த செடியின் வேர் வெறும் விறகு, எந்த மருந்துக்கடைக்காரனும் தொட மாட்டான். ஊரில் அதற்குப் பெயர் 'தீப்பிடிச்சது'.

கைலியானைச் சீண்டுபவர்கள் அவளையே அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கோபம் வராது. சொன்னவள் லாமெய்யாக இருந்தால் சிரிக்கக்கூடச் செய்வாள்.

லாமெய் அவளுடைய ஓரகத்தி, துன்ஷெங்கின் தம்பி பெண்டாட்டி. நிதானமான பெண். நடந்தால் தண்ணீர்க் குடம் தளும்பாது. இவள் அங்குமிங்கும் குட்டிபோட்ட பூனை மாதிரி அலையும்போது அவள் அடுப்பில் சின்ன மண்ஜாடியை வைத்துத் தேயிலையைக் கருக்கக் கொதிக்க விட்டு, "குடிச்சிட்டு அலைக்கா" என்பாள். அந்த ஒரு கோப்பை குடிக்கும் நேரம்தான் கைலியான் உட்காரும் நேரம். லாமெய்யின் புருஷன் சுரங்கத்தில் இறந்தபிறகும் அது மாறவில்லை. உண்மையைச் சொன்னால், கைலியானுக்கு இந்த உலகத்தில் ஒரு நங்கூரம் உண்டென்றால் அது புருஷனும் இல்லை, பெற்ற மகனும் இல்லை, இந்த லாமெய்தான்.

அவள் போய்விடுவாள் போலிருந்தது. முந்தின வருஷம் லாமெய்யின் வயலில் பாதிக்கு மேல் தீப்பிடித்துவிட்டது. மகள் லான்ஜோ நகரத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள், அதற்குப் பணம் வேண்டும். தூரத்துச் சின்ஜியாங்கில் இருக்கும் அண்ணன், செங்கல் சூளைச் சமையற்கட்டில் வேலை இருக்கிறது, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்று போன் மேல் போன் போட்டான்.

"இன்னும் ஒரே ஒரு பயிர்க்கா," என்றாள் லாமெய். "இதுவும் விறகாப் போச்சுன்னா கதவைப் பூட்டிருவேன்."

அந்தச் சமயத்தில்தான் மூலிகை ஆய்வு நிலையத்திலிருந்து ரென் டீச்சர் வந்தாள். டீச்சர் என்பது மரியாதைக்கு, பாடம் எடுப்பவள் இல்லை. டாங்குய் ஏன் அவசரப்படுகிறது என்பதைத்தான் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நிலவறையின் குளிர் அரைகுறைக் குளிர், அதில் கிடக்கும் நாற்று 'ஒரு குளிர்காலம் கழிந்தது, பூக்கலாம்' என்று கணக்குப் போட்டுவிடுகிறது, அதையே முழுக்க உறைய வைத்துவிட்டால் கணக்குப் போட வழியில்லாமல் அப்படியே தூங்கிவிடும் என்றாள். கைலியானின் ஒரே நாற்றங்காலில் இருந்து பிடுங்கிய நாற்றை இரண்டாகப் பிரித்தாள். சிவப்புத் துணி கட்டியது உறைபெட்டிக்கு, அது லாமெய்யின் வயலுக்கு. நீலத் துணி கட்டியது வழக்கம்போல் நிலவறைக்கு, அது கைலியானின் வயலுக்கு. இரண்டு வயலும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம்.

லாமெய் தயங்கினாள். "ஐஸ்ல போட்டா உசுரோட இருக்குமாக்கா?"

"டீச்சர் பொய் சொல்லுவாங்களா? நான் இருக்கேன்ல, கண்ண மூடிக்கிட்டு நடு!" என்றாள் கைலியான். அவளுடைய வாய்தான் அது, யோசனைக்கு முன்னால் ஓடும்.

ஒரு கடையில் ஐஸ்கிரீம் விற்ற பழைய பெட்டி கைலியானின் கொட்டகையில் வந்து உட்கார்ந்தது. ரென் டீச்சர் நாற்றை அடுக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, "நான் வசந்தத்துல வர்ற வரைக்கும் யாரும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உட்காரத் தெரியாதவள் வீட்டில் திறக்கக் கூடாத பெட்டியை வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது ஷாங்வானில் எந்த ஆட்டுக்கும் தெரியும். பாவம், டீச்சர் வெளியூர்.

பெட்டி இரவும் பகலும் முனகியது. முனகினால் கைலியான் ஓடிவந்து காதை வைப்பாள், முனகல் நின்றால் இன்னும் வேகமாக ஓடிவருவாள். பன்றிக்குத் தவிடு கரைக்கப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை மூடிமேல் கையை வைத்துப் பார்ப்பாள்.

"அது என்ன பிள்ளைக்குக் காய்ச்சலா, தொட்டுத் தொட்டுப் பாக்கற?" என்றான் துன்ஷெங்.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியலையே."

"ஒண்ணும் நடக்காததுக்குத்தான் அந்தப் பெட்டி."

புத்தாண்டுக்கு முன் துன்ஷெங் பன்றிக்கறி விற்கச் சந்தைக்குப் போன ஒரு மத்தியானம், அவளால் முடியவில்லை. நாடாவை ஒரு ஓரத்தில் பிரித்து, சிவப்புத் துணி கட்டிய ஒரு கட்டை உருவினாள். ஆணிக் கட்டு மாதிரி கனத்தது. ஒரு நாற்றோடு ஒன்று உரசியபோது கல் சத்தம் கேட்டது. "ஐயோ, விறைச்சுப் போச்சே!" என்றாள் கைலியான்.

இந்த மலையில் குளிரில் விறைத்த எதுவானாலும் போகும் இடம் ஒன்றுதான்: வீட்டுக்குள் அடியில் நெருப்பு ஓடும் செங்கல் சூட்டுமேடை. நாங்கள் தூங்குவது அதன்மேல், சாப்பிடுவது அதன்மேல். பனியில் பிறந்த ஆட்டுக்குட்டியை அங்கேதான் போர்வைக்குள் வைப்போம். ஏரியில் விழுந்த பிள்ளையையும் அங்கேதான். அரைமணியில் குட்டி தலையைத் தூக்கும், பிள்ளை அழும். கைலியான் வேறென்ன செய்வாள்? நாற்றுக் கட்டைச் சூட்டுமேடையின் கதகதப்பான மூலையில் வைத்து, பருத்திப் போர்வையால் மூடி, அடுப்பில் இன்னும் ரெண்டு சாணவரட்டியைத் தள்ளினாள்.

சாயங்காலம் போர்வையை விலக்கினாள். துணி ஈரமாக இருந்தது. உள்ளே நாற்று இல்லை, பழுப்பாக வழவழவென்று கூழ் இருந்தது. அழுகின கிழங்கு நாற்றம் அடித்தது. விரலால் தொட்டாள், வேரின் தோல் கழன்று கையோடு வந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேயிலைக் கோப்பை இல்லாமல் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. அப்படியானால் பெட்டியில் இருப்பது எல்லாமே செத்துப்போயிற்று. லாமெய்யின் கடைசிப் பயிர். கண்ண மூடிக்கிட்டு நடு என்று சொன்ன வாய் யாருடையது? கூழைப் பன்றித் தொட்டியில் கொட்டினாள், சிவப்புத் துணியை அடுப்பில் போட்டாள், நாடாவை அழுத்தி ஒட்டினாள். புத்தாண்டுக்கு வந்த லாமெய், "ஏன்க்கா முகம் வெளிறிக் கெடக்கு?" என்று கேட்டபோது, "எண்ணெய் ஒத்துக்கல" என்றாள். சொல்லியிருந்தால் லாமெய் அன்றைக்கே கதவைப் பூட்டியிருப்பாள். அந்தப் பயத்தில்தான் வாய் வரவில்லை.

குளிர்காலம் முழுக்க அவள் மனசு அந்த ஒரே இடத்தைச் சுற்றியது. பனி இளகும்போது வழி கிடைத்தது. நிலவறையில் தன்னுடைய நீலத்துணி நாற்று இருக்கிறதே, அது உயிரோடுதானே இருக்கிறது! அதை லாமெய்க்குக் கொடுத்துவிட வேண்டியது. செத்ததைத் தன் வயலில் நட்டுக்கொள்ள வேண்டியது. முளைக்காவிட்டால் எலி தின்றது, மண் சரியில்லை, ஆயிரம் சொல்லலாம். ஒரு வருஷம் துன்ஷெங் கட்டட வேலைக்குப் போகட்டும். லாமெய் ஊரில் இருந்தால் போதும்.

டீச்சர் பெட்டியைத் திறக்க வரும் நாளன்று, முகத்தைக் காட்டத் தைரியம் இல்லாமல் கைலியான் விடியுமுன்பே டவுனுக்கு ஓடிவிட்டாள். அதனால் டீச்சர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. துன்ஷெங்தான் கூட நின்று கட்டுகளை நிலவறைக்குச் சுமந்தான்.

"ஒரு கட்டு குறையுதே?" என்றாளாம் டீச்சர்.

"எலியா இருக்கும்."

"ஐஸ்பெட்டிக்குள்ளயா?"

துன்ஷெங் தலையைச் சொறிந்தானாம். டீச்சர் சிரித்துவிட்டு, "சரி, இது இங்கயே இருட்டுக் குளிர்ல மெதுவா இளகட்டும். திடீர்னு சூடு மட்டும் பட்டுடக் கூடாது, கூழாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். துன்ஷெங்குக்கு அது ஒரு சேதியாகவே தோன்றவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

அன்று திரும்பி வந்ததும் கைலியான் நிலவறைக்குள் இறங்கினாள். சிவப்புக் கட்டுகள் இன்னும் கல்லாகத்தான் கிடந்தன. துணிகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். சிவப்பு நீலமாயிற்று, நீலம் சிவப்பாயிற்று. மனசு முதன்முறையாக லேசாக இருந்தது.

நட்டார்கள். லாமெய் தன் வரப்பில் ஒவ்வொரு நாற்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். கைலியான் தன் பக்கத்தில், பிணத்தைப் புதைப்பவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மண்ணைத் தள்ளினாள்.

பிறகு ஒருநாள் காலை வயலுக்குப் போனால், லாமெய்யின் பக்கம் பச்சை. தன் பக்கமும் பச்சை! தரையோடு தரையாக, சின்னச் சின்னக் கொத்துமல்லி இலை போல, வரிசை தப்பாமல். கைலியான் குந்தி உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தாள். டாங்குய்தான். சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். எதுவும் சாகவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, மாற்றினது மாற்றினதாக இருக்கட்டும், இனி யாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ரெண்டு மாதம் நன்றாகத் தூங்கினாள்.

ஆனி பிறந்தது. எர்லாங் மலைத் திருவிழாவுக்குப் பாட்டுக்காரர்கள் தொண்டையைச் சரிசெய்ய ஆரம்பித்த நேரம். வரப்பின் அந்தப் பக்கம், லாமெய்யின் வயலில், செம்பழுப்பாக ஒரு தண்டு நின்றது. மறுநாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரு வாரத்தில் பாதி வயல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கைலியானின் பக்கம் ஒன்றுகூட இல்லை. பச்சைப் பாயை விரித்த மாதிரி அமைதியாகக் கிடந்தது.

வழியில் போனவர்கள் நின்றார்கள். "என்ன கைலியான், தீப்பிடிச்சவ வயல்ல மட்டும் தீப்பிடிக்கலையே!" என்றான் ஒருவன். "கைராசிடா அது," என்றான் இன்னொருவன். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் அவளைச் சுட்டது. லாமெய் குனிந்து குனிந்து தண்டுகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தேவலை.

ரென் டீச்சர் வந்து இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். "புரியலையே," என்றாள். "உறைய வெச்சது ஓடிருக்கு, நிலவறையில இருந்தது நிக்குது. மத்த ஊர்ல எல்லாம் நேர்மாறாத்தான் இருக்கு. என் யோசனையே தப்போ என்னவோ." வெயிலில் நின்று நின்று அவள் மூக்குத் தோல் உரிந்திருந்தது. பிறகு லாமெய் பக்கம் திரும்பி, "என்னை நம்பி நட்டீங்க. மன்னிச்சிருங்கம்மா" என்றாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்," என்றாள் லாமெய். "என் தலையெழுத்து."

கைலியானுக்கு அப்போதுதான் எல்லாம் முழுசாக விளங்கியது. செத்தது என்று தான் எடுத்துக்கொண்டதுதான் நல்லது. உயிருள்ளது என்று கொடுத்ததுதான் விறகு. லாமெய்யைக் காப்பாற்றுகிறேன் என்று லாமெய்யின் சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நல்ல நாற்றைத் திருடிவிட்டு, பிடிபடுவோம் என்று பயந்து கதை கட்டுகிறாள் என்றுதான் ஊர் சொல்லும். லாமெய்யும் அப்படி நினைத்துவிட்டால்?

மறுநாள் லாமெய் பெட்டி கட்டுகிறாள் என்று துன்ஷெங் வந்து சொன்னான். கைலியான் போனாள், வாசல்வரை போய்த் திரும்பினாள். கிணற்றடிவரை வந்து மறுபடி போனாள். மூன்றாம் முறை உள்ளே நுழைந்தாள். சூட்டுமேடையின்மேல் போர்வையெல்லாம் மடித்துக் கயிறு போட்டிருந்தது. அடுப்பில் தேயிலை ஜாடி இல்லை, அதையும் கட்டியாயிற்று.

"உக்காருக்கா," என்றாள் லாமெய், பழக்கத்தில்.

"நான் நின்னுக்கிட்டே சொல்றேன். நாற்றை மாத்தினது நான்."

எல்லாவற்றையும் சொன்னாள். முன்னது பின்னதாக, பின்னது முன்னதாக, பன்றித் தொட்டியிலிருந்து ஆரம்பித்து நாடாவுக்குப் போய், துணியிலிருந்து போர்வைக்கு வந்து. சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது.

லாமெய்யின் முகம் இறுகிவிட்டது. "அப்ப வரப்புக்கு அந்தப் பக்கம் நிக்கறது என்னோடதா?"

"ஆமா."

"நான் இத்தனை நாளும் ஒவ்வொரு தண்டாப் புடுங்கிக்கிட்டுக் கெடந்தேன். நீ பாத்துக்கிட்டு நின்ன."

"நின்னேன்." கைலியான் அழுதாள். "வாய் வரலடி. நீ போயிருவேன்னு பயம். சொன்னாலும் போயிருவ, சொல்லாட்டியும் போயிருவ. அந்த வயல் உன்னுது. இன்னிக்கே எடுத்துக்க. ஒரு வேர்கூட எனக்கு வேணாம்."

லாமெய் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். பிறகு கேட்டாள்: "நடும்போது அது செத்ததுன்னுதான் நினைச்சியா?"

"சத்தியமா."

"செத்ததுன்னு தெரிஞ்சே உன் வயல்ல நட்ட?"

"உனக்கு உசுருள்ளது கிடைக்கட்டும்னு."

"ஆட்டுக்குட்டியா அது, சூட்டுமேடையில தூக்கி வைக்க? அறிவிருக்கா உனக்கு?" லாமெய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கைலியானுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். "போ," என்றாள் கடைசியில். "முதல்ல டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லு. அந்தப் பொண்ணு தன்னோட படிப்பே தப்புன்னு நினைச்சுக்கிட்டுக் கெடக்கு."

கைலியான் போன் போட்டாள். மறுமுனையில் ரென் டீச்சர் "கூழாச்சா? சூட்டுமேடையிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்த குளிர்காலத்துக்குப் பூட்டுள்ள பெட்டியாகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் குரலில் உயிர் வந்திருந்தது, அது கைலியானுக்கு நன்றாகவே கேட்டது.

ஆனால் லாமெய் என்ன முடிவெடுத்தாள் என்று தெரியவில்லை. சின்ஜியாங் பஸ் மறுநாள் காலை. கைலியான் வீட்டுக்குள் இருக்க முடியாமல் விடிந்ததும் வயலுக்குப் போனாள். பச்சைக்கு நடுவில் குந்தினாள். இந்த வேர் நிஜமாகவே பருத்திருக்கிறதா? இதைத்தானே லாமெய் கையில் கொடுக்கப்போகிறாள்? ஒன்றே ஒன்றை, பக்கவாட்டில், லேசாக... விரல் மண்ணுக்குள் போய்விட்டது.

"கையை எடு!"

லாமெய் வரப்பில் நின்றாள். ஊர்ப்பயணத்துக்கென்று போட்ட புதுக் கோட்டு உடம்பில் இருந்தது. கையில் மூட்டை இல்லை, தேயிலை ஜாடியும் ரெண்டு கோப்பையும்தான்.

"பஸ்ஸு..." என்றாள் கைலியான்.

"போயிருச்சு." லாமெய் வரப்பில் உட்கார்ந்து, ரெண்டு சுள்ளியை மூட்டி ஜாடியை வைத்தாள். "இதை உன்கிட்ட விட்டுட்டு நான் எப்படிப் போறது? பனி விழறதுக்குள்ள ஒவ்வொண்ணாத் தோண்டிப் பாத்துருவ. பாதி உன்னுது, பாதி என்னுது. தோண்டற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். வா, குடி."

கைலியான் மண் ஒட்டிய விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோப்பை காலியான பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.